கம்பிக் குருவி

மார்ச் 4

என் வாலுத் தம்பிக்கு,

இன்றும் உன் குருவி வந்து சேர்ந்தது. துறைமுகத்து எக்ஸ்ரே ஸ்கேனர் அறையில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒவ்வொரு கன்டெய்னராக ஊர்ந்து போயிற்று. மேசை, குழாய், பொம்மைப் பெட்டி, எல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போலச் சாம்பல் நிறம். கடைசியில் கதவோரம் நீ வளைத்த கம்பிக் குருவி, அந்தரத்தில் மிதந்துகொண்டு. கடலுக்கு அந்தப் பக்கம் சரக்கு ஏற்றுகிறவன் அக்காவை நலம் விசாரிக்கும் லட்சணத்தைப் பார்! "என்னம்மா, திரையப் பார்த்துச் சிரிக்கிற?" என்றார் அதிகாரி. மழுப்பிவிட்டேன். கடிதம் மட்டும் எழுதிவிடாதே, சோம்பேறி.

உன் அக்கா

மார்ச் 29

அன்பு அக்கா,

கோபித்துக்கொள்ளாதே. இங்கே கன்டெய்னர் யார்டில் புது ஆட்கள் வந்திருக்கிறார்கள். முதலாளியே அவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிறார். "கதவ மூடு, வாயையும் மூடு" என்கிறார்கள். மூடுகிறேன். போலீசுக்குப் போன கிரேன்காரர் வீடு திரும்பவில்லை. பயமாக இருக்கிறது. இனிமேல் குருவி வராது, தேடாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

வாலு

ஏப்ரல் 17

தம்பி,

வராது என்றாயே, வந்துவிட்டது. டைல்ஸ் என்று பதிவான கன்டெய்னர். குருவிக்குப் பின்னால் பெட்டிகள், பெட்டிகளுக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு மனிதர்கள். கனவு என்றே நினைத்தேன். ஓர் உருவம் மெல்லக் கையைத் தூக்கியது. எழுந்து ஓடினேன்.

எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். வேலை தருவதாக ஏமாற்றி அடைத்திருக்கிறார்கள், பாவிகள். ஒரு பெண் என் கையை விடவே இல்லை.

அதிகாரி குருவியை மேசைமேல் வைத்து, "இது யாரோடது?" என்றார். சொன்னேன். "தம்பியா? யோசிச்சுத்தான் சொல்றியாம்மா?" என்றார். எழுதியே கொடுத்துவிட்டேன். உன்னைத் தேடி வருவார்கள். என்னை வெறுத்தாலும் பரவாயில்லை, ஒன்று மட்டும் சொல். குருவியைக் கைப்பழக்கத்தில் மாட்டினாயா, நான் பார்க்கவேண்டும் என்று மாட்டினாயா? அது தெரியாமல் தூக்கம் வரவில்லை.

அக்கா

மே 8

அக்கா,

என் வழக்கறிஞர் அம்மா இதை உன்னிடம் சேர்ப்பார். இரண்டு நாட்டுப் போலீசும் சேர்ந்து வந்து எல்லோரையும் பிடித்துவிட்டார்கள். நான் கோர்ட்டில் அத்தனையும் சொல்லப்போகிறேன். கதவை மூடியதற்கு எனக்கும் தண்டனை உண்டு. அதன்பிறகு என் பாதுகாப்புக்காக வேறு ஊர், வேறு பெயர். யாருக்கும் எழுதக் கூடாதாம், உனக்கும்.

அன்று கதவை மூடப்போகும்போது உள்ளே யாரோ இருமினார், அக்கா. பக்கத்திலேயே அந்தக் கும்பலின் ஆள் நின்றான். சட்டைப் பையில் ஒரு குருவி மிச்சம் இருந்தது. இந்த உலகத்தில் அதைத் தேடிப் பார்க்கிற ஒரே ஆள் நீதான். தேடாதே என்று சொன்னாலும் தேடுவாய்.

இனி நன்றாகத் தூங்கு. பெயர் போடக் கூடாது என்கிறார்கள். தாளின் மூலையில் வரைந்திருக்கிறேன், பார்.