மேனேஜர் தின்ற கொத்தமல்லி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. நீயாவது நலமாக இரு, இதைப் படித்து முடிக்கிற வரைக்கும்.

பரீட்சையிலேயே நாலு வரிக்கு மேல் எழுதாதவன், கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறானே என்று நினைப்பாய். போனில் சொன்னால் உன் குரலைக் கேட்டதும் எதையாவது உளறி, உன்னைச் சிரிக்க வைத்து, நடுவில் நழுவிவிடுவேன். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். காகிதத்தில் நழுவ இடமில்லை, ஓரத்தில் கோடு போட்டிருக்கிறது.

முதலில் நல்ல செய்தி. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. படியேறாதீர்கள், லிஃப்டில் போங்கள் என்று டாக்டர் சொன்னாராம். கட்டிக்கொண்டது லிஃப்ட் மெக்கானிக்கை, குடியிருப்பது லிஃப்டே இல்லாத கட்டடத்தில், இதுவல்லவா ஜாதகம் என்று அம்மா தன்னைத் தானே கிண்டல் பண்ணிக்கொண்டாள். கூண்டில் மேடமும் சௌக்கியம்.

மேனேஜர்தான் சரியில்லை. பின்னால் கை கட்டிக்கொண்ட மாதிரி இறக்கையை மடக்கி, கம்பின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, மேடத்தை நாள் பூராவும் அதட்டிக்கொண்டே இருக்குமே உன் பச்சைக் குருவி, அது இப்போது கூண்டின் தரையில் பந்து போல் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதட்டுவதற்கு ஆள் இல்லாமல் மேடம் பேந்தப் பேந்த விழிக்கிறாள். காரணம் நான். எப்படி என்று சொல்கிறேன், கோபத்தைக் கடைசி வரைக்கும் பத்திரமாக வைத்திரு.

அப்பா பேச்சை மீறி நீ வெளியூர் வேலைக்குக் கிளம்பிய அன்று அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, போகிறவள் அந்தக் கூண்டையும் தூக்கிக்கொண்டு போகட்டும் என்று சொன்னாரே, ஞாபகம் இல்லாமலா இருக்கும். ஹாஸ்டலில் குருவிக்கு இடமில்லை என்று நீ வாசலில் நின்று என்னிடம் ஒப்படைத்தாய். கடைக் கீரையை மட்டும் போட்டுவிடாதேடா, மருந்தடித்திருப்பார்கள், வீட்டிலேயே கொஞ்சம் முளைக்கப் போட்டுக் கொடு என்று படித்துப் படித்துச் சொன்னாய். நான் மண்டையை மண்டையை ஆட்டினேன். அப்பா உள்ளே ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு லேஸை அவ்வளவு நேரம் கட்டிய மனிதரை நான் பார்த்ததே இல்லை.

அக்கா, அந்தக் கீரையை நான் வளர்க்கவில்லை. ஒரு விதைகூட நான் போடவில்லை. எல்லாம் அப்பா.

நீ போனதும் நான் வெறும் தினையைக் கொட்டிவிட்டு விளையாடப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் அப்பா பழைய லிஃப்டின் கூரையில் இருந்த விளக்கு மூடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் டிரில் போட்டு ஓட்டை பண்ணி மண் நிரப்பினார். விதைக்கடைக்காரர் கொடுத்த பாக்கெட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாராம், விதைக்கிற விதையில் மருந்து தடவியிருப்பார்கள் என்று யாரோ சொன்னதால். நம் சமையலறை டப்பாவில் இருந்த தனியாவை எடுத்து, செருப்புக் காலால் நசுக்கப் போன என்னைத் தடுத்து, உள்ளங்கையில் வைத்து இரண்டாகப் பிளக்கும்படி மெதுவாகத் தேய்த்தார். பக்கத்தில் இன்னொரு மூடியில் வெந்தயம். முதல் தடவை ஜன்னல் வெயிலில் வெந்தயம் வெந்தேபோனது, பெயருக்கு ஏற்ற சாவு. அதற்குப் பிறகு என் பழைய சட்டை, அதான் சாயம் போன அந்தப் பச்சைச் சட்டை, வெயிலுக்குத் திரையாகிவிட்டது. காலையில் கொஞ்சமாகக் கிள்ளி, நூலால் கட்டி, துணி கிளிப்பில் மாட்டிக் கொடுப்பார். சாயங்காலம் வந்ததும் வாடியதை எடுத்துவிடுவார். கொத்தமல்லி என்று பேர் வைத்ததே இதுகள் கொத்தத்தான் என்று நான் ஜோக் அடித்தேன். சிரிக்கவில்லை, ஆனால் மறுநாள் அதையே மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீ போனில் கீரை வளர்க்கிறாயாடா என்று கேட்டபோது, ம், சூப்பராக என்றேன். போட்டோ கேட்டாய், அனுப்பினேன். எல்லாப் போட்டோவிலும் ஓரத்தில் அப்பாவின் கை இருந்தது, நசுங்கிக் கறுத்த கட்டைவிரல் நகத்தோடு. வெட்டிவிட்டு அனுப்பினேன். என் தங்கமே, உனக்கா இவ்வளவு பொறுப்பு என்று நீ எழுதினாய். பொறுப்பு என்கிற வார்த்தையை என் பெயருக்குப் பக்கத்தில் பார்த்ததே இல்லையா, அப்படியே வைத்துக்கொண்டேன். அது அப்பாவுக்கு வர வேண்டிய வார்த்தை.

இப்போது குறும்பு. அப்பா தினமும் டூல் பெட்டியில் இருக்கும் இரும்பு ஸ்கேலை எடுத்துக் கொத்தமல்லியை அளப்பார். என்னை எந்தக் காலத்திலும் இப்படி அளந்து பார்த்ததில்லை. சும்மா இருக்குமா இந்தக் கை. அவர் குளிக்கப் போன நேரம், அம்மா கடையில் வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்திருந்த கட்டிலிருந்து நல்ல நெட்டைக் காம்பாக நாலைந்தைப் பிடுங்கி அவருடைய செடிகளுக்கு நடுவே சொருகிவிட்டேன். தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஸ்கேல் வைத்தார், கண்ணாடியைத் துடைத்தார், திரும்பவும் வைத்தார். அம்மாவைக் கூப்பிட்டார். உங்கள் லிஃப்டைவிட வேகமாக மேலே போகிறதே என்றாள் அம்மா.

அப்பா சிரித்தார். நீ போன பிறகு அந்தச் சத்தம் இந்த வீட்டில் கேட்கவே இல்லை. வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்துவிட்டு, பெரியவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் போட வேண்டும், அவள் சொன்ன மாதிரியே வளர்ந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்றார். இத்தனை நாளாக உன்னோடு பேசாத மனிதர் வாயிலிருந்து இதைக் கேட்டு, அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

பிறகு கத்தரிக்கோலை எடுத்து, இருந்ததிலேயே நெட்டையானதாகப் பார்த்து வெட்டினார். நான் சொருகியதை. அதை நூலில் கட்டினார், கிளிப்பில் மாட்டினார். நான் பக்கத்திலேயே நின்றேன். அப்பா, அது கடைக் கீரை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும், ஞாயிற்றுக்கிழமை போனும் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஒரு நாள் தின்றால் என்ன ஆகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஸ்கூலுக்குப் போய்விட்டேன். வாயாடி என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவன், வாய் திறக்க வேண்டிய ஒரே இடத்தில் திறக்கவில்லை.

சாயங்காலம் மேனேஜர் தரையில். மேடத்தைப் பக்கத்தில் விடவே இல்லையாம், முழுக்க அதுவே தின்றிருக்கிறது. பறவை டாக்டரம்மா பார்த்துவிட்டு, கடைக் கீரை ஏதாவது கொடுத்தீர்களா, மருந்து அடித்ததாக இருக்கலாம் என்று கேட்டார். கடைக் கீரையே தொடுவதில்லை டாக்டர், எல்லாம் நானே என் கையால் வளர்த்தது என்றார் அப்பா. சொல்லிவிட்டுத் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். ரேகைக்குள்ளே கிரீஸ் இருந்தது. கிரீஸாக இருக்குமா டாக்டர் என்று கேட்டார். தெரியவில்லை, எதுவாகவும் இருக்கலாம் என்றார் அவர். அப்போதும் நான் கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா இரண்டு மூடிகளையும் மண்ணோடு தூக்கிப்போய்க் கீழே குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்தது. போனை எடுத்தார், மேஜை மேல் வைத்தார். அம்மா கேட்டதற்கு, எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது, விட்டுவிட்டுப் போன குருவியைக்கூடப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் என்றார். அன்றிலிருந்து எப்போது பார்த்தாலும் பழைய டூத் பிரஷ்ஷால் நகத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார்.

இதுவரை நேற்று எழுதியது. இங்கே நிறுத்திவிட்டுத் தபாலில் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், மீதியை நீ பார்த்துக்கொள்வாய் என்று. காலையில் குழாயடியில் மறுபடியும் அந்தப் பிரஷ் சத்தம். போய்ச் சொல்லிவிட்டேன். ஜோக் எதுவும் சேர்க்காமல், முழுக்க.

அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் குழாயை மூடினார். அப்படியென்றால் என் கீரை நல்ல கீரைதானா என்று கேட்டார். ஆமாம்ப்பா என்றேன். ஈரக் கையோடு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, அக்காவிடம் இதைச் சொல்லாதே, அவளுக்கு உன் மேல் இருக்கிற பாசம் போய்விடும், என் மேல் எப்படியும் கோபம்தானே, இதையும் நான் செய்ததாகவே இருக்கட்டும் என்றார்.

அக்கா, இதற்கு அவர் என்னை அடித்தே இருக்கலாம்.

சொல்லாதே என்று அப்பா சொன்னதை மீறித்தான் இந்தக் கடிதம் வருகிறது. வெட்டாத போட்டோ ஒன்றைப் பிரிண்ட் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன், கட்டைவிரலைப் பார். மேனேஜருக்குச் சொட்டு மருந்து போய்க்கொண்டிருக்கிறது. பிழைக்கும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, பிழைக்காது என்றும் சொல்லவில்லை. இன்று மருந்து கொடுக்கும்போது என் விரலைக் கடித்தது. நன்றாகவே கடித்தது. கடிக்கட்டும்.

குப்பைத் தொட்டிப் பக்கம் போய் மூடிகளைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன், ஒன்றில் விரிசல். அப்பா அதை ஒட்டினார். புதுத் தனியா ஊறிக்கொண்டிருக்கிறது. இந்தத் தடவை தேய்த்தது நான், அவர் பக்கத்தில் நின்று மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னைத் திட்டுவதற்குத் தனியாகப் போன் பண்ணு, எத்தனை தடவை வேண்டுமானாலும். ஆனால் அதற்கு முன்னால் அப்பாவுக்கு ஒரு போன் பண்ணு. குருவியைப் பற்றிக் கேட்க வேண்டாம், சண்டையைப் பற்றியும் வேண்டாம். கொத்தமல்லி எப்படி வளர்த்தீர்கள் என்று மட்டும் கேள். மீதியை அவர் பேசுவார். சின்னவன் உத்தரவு போடக்கூடாதாம், அதனால் கெஞ்சுகிறேன்.

இப்படிக்கு,
வாலைச் சுருட்டி வைத்திருக்கும்
உன் வாலு