பக்கத்து இருக்கையின் பிரேக்

மார்ச் 4, செவ்வாய்

வண்டியை சர்வீஸுக்கு விட்டேன். நான் இன்னும் சண்டை போடாத ஒர்க்‌ஷாப் இது ஒன்றுதான். மற்றவற்றில் ஒருவன் சீட்டில் கிரீஸ் கையை வைத்தான். ஒருவன் பில்லில் என் பெயரைத் தப்பாக எழுதினான். இன்னொருவன் என் மைத்துனனுக்குச் சிநேகிதன். அது போதாதா?

சாவியைக் கொடுக்கும் முன் டீசல் முள்ளைக் கைபேசியில் படம் எடுத்து முதலாளியிடம் காட்டினேன். "போன தடவை திரும்பி வந்தப்போ கொஞ்சம் குறைஞ்சிருந்தது." அவர் முகம் சுண்டிப்போனது. எனக்கு மாலை வரை உற்சாகமாக இருந்தது.

திங்கட்கிழமை மனைவிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. "தம்பி கூட்டிட்டுப் போறேங்கிறான். வரச் சொல்லட்டுமாங்க?" என்றாள்.

"நம்ம வண்டி எதுக்கு இருக்கு?"

அவள் தம்பியோடு நான் பேசி மூன்று வருடமாகிறது. குடும்பமே சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சொன்னான்: "அத்தான் வண்டி வந்தா காலிங் பெல்லே வேணாம். தெருமுனையிலேயே லாரிச் சத்தம் கேட்டுடும்." எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும்தான். அவளை மன்னித்துவிட்டேன், ஏறக்குறைய.

மார்ச் 6, வியாழன்

வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்து விட்டுப் போனார்கள். டேங்க் விளிம்பு வரை நிறைந்திருக்கிறது. நான் கேட்கவே இல்லை. ஒரு படத்துக்கு இவ்வளவு பயமா! மனைவியிடம் இரண்டு முறை சொன்னேன்.

மார்ச் 7, வெள்ளி

கல்லூரிக்குப் போகும் வழியில், மேம்பாலத்தின் உச்சியில் வண்டி இருமியது. குலுங்கியது. நின்றது. பின்னால் இருந்தவர்கள் எல்லாம் ஹாரனிலேயே என்னைத் திட்டினார்கள்.

அப்போது எனக்கு முதலில் என்ன தோன்றியது? மைத்துனன் கண் வைத்துவிட்டான் என்று. வருடா வருடம் பெட்ரோல் என்ஜினுக்கும் டீசல் என்ஜினுக்கும் உள்ள வேறுபாட்டைக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவனுக்கு! அவனைத் திட்டி முடித்த பிறகுதான் மூடியைத் திறந்து முகர்ந்தேன்.

பெட்ரோல்.

என் வாயை அடைக்கத்தான் டேங்கை நிரப்பியிருக்கிறார்கள். எதை ஊற்றுகிறோம் என்று பார்க்கக்கூட நிதானமில்லை. அவ்வளவு மிரட்டி வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை — என்ன செய்யப் போகிறேன்?

மார்ச் 8, சனி

குளிக்கும்போது ஒத்திகை பார்த்தேன். 'அலட்சியம்', 'நுகர்வோர் நீதிமன்றம்' எல்லாம் கோர்வையாக வந்தன. ஒர்க்‌ஷாப்பில் வாயைத் திறக்கும் முன் முதலாளி முந்திக்கொண்டார்.

"பேச்சே இல்ல சார், முழுக்க எங்க தப்பு. டேங்கை இறக்கி, பைப் பூரா கழுவி, எது போயிருந்தாலும் மாத்தித் தர்றோம். ஒரு வாரம் குடுங்க."

"இவ்வளவு அலட்சியமா—"

"அலட்சியம்தான் சார்."

"இதை நான் சும்மா—"

"விடவே கூடாது சார்."

இந்த மாதிரி ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கொண்டுபோன கோபத்தைப் பிரிக்காமலே திரும்ப எடுத்து வந்தேன்.

ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையைச் சொறிந்தார். அவர் மனைவி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாராம். அதில் ஒரு கார் சும்மா நிற்கிறதாம். மஞ்சள் கார். கூரைமேல் பலகை. பின்னால் பெரிய எழுத்தில்: 'பழகுகிறார். பொறுத்துக்கொள்ளுங்கள்.'

வாடகைக் கார் பிடித்திருக்கலாம். ஆனால் 'நம்ம வண்டி எதுக்கு இருக்கு' என்று கேட்டவன், எதையாவது தானே ஓட்டித்தானே ஆகவேண்டும்?

மார்ச் 9, ஞாயிறு

மைத்துனன் போன் செய்து, வண்டி தயாரா என்று அவளிடம் கேட்டான். "தயார்டா" என்றாள், ஜன்னல் வழியே, வாசலில் நின்ற மஞ்சள் காரைப் பார்த்தபடி.

மார்ச் 10, திங்கள்

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

போகும்போது சிக்னலில் என் மாணவன் ஒருவன் பைக்கில் வந்து நின்றான். பலகையைப் படித்தான். என்னைப் பார்த்தான். பொறுத்துக்கொண்டான்.

டிரைவிங் வாத்தியார் உட்காரும் பக்கத்து இருக்கைக்கும் இந்த வண்டியில் ஒரு பிரேக் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து நான் ஓட்டும்போதெல்லாம் வெறும் தரையை மிதித்துக்கொண்டே வருகிறவள் அவள். இன்று முதல்முறையாக, மிதித்தால் வண்டி நின்றது. வேகத்தடைக்கு நின்றது. பூனைக்கு நின்றது. பூனை மாதிரி தெரிந்த பிளாஸ்டிக் பைக்கும் நின்றது.

திரும்பும்போது ஒரு கண்ணில் கட்டோடு வந்தாள். அவள் தம்பி வீட்டு வாசலுக்கு நேரே வண்டி சடாரென்று நின்றது.

"இங்க எது குறுக்க வந்துச்சு?"

"கால் தானா போயிடுச்சுங்க."

அவன் மாடியில்தான் நின்றிருந்தான். சத்தமில்லாத மஞ்சள் காரை ஒருமுறை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நாங்கள் என்று தெரியவில்லை. கட்டில்லாத கண்ணால் அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கியரைப் போட்டேன்.

அவள் ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்! நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், தூக்கமாவது வந்திருக்கும்.

மார்ச் 12, புதன்

"வந்து பாக்கட்டுமான்னு தம்பி கேட்டான். பாப்போம்டான்னு சொன்னேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். சொட்டு மருந்து விட்ட கண் கலங்கத்தான் செய்யும். மற்றக் கண்ணுக்கு என்ன?

மார்ச் 15, சனி

வண்டி வந்துவிட்டது. டேங்க் நிறைய டீசல். படம் எடுக்கவில்லை. மஞ்சள் காரைத் திருப்பிக் கொடுத்தபோது முதலாளி, "வேற ஏதாவது குறை இருக்கா சார்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். வாயில் ஒன்றும் வரவில்லை. அவமானம்.

மார்ச் 17, திங்கள்

மாலை, கண்ணைக் காட்டிவிட்டுத் திரும்பினோம். பார்வை தெளிவாக இருக்கிறதாம். "உங்களுக்கு இவ்வளவு நரையா?" என்றாள்.

அவன் தெருவுக்குள் திரும்பினேன். அவன் வாசல் நெருங்கியதும் அவள் கால் நீண்டு வெறும் தரையை அழுத்தியது. இந்த வண்டியில் அங்கே ஒன்றும் இல்லை, அவளுக்கும் தெரியும். காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

நான் பிரேக்கை மிதித்தேன்.

இறங்கவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. என்ஜினை அணைக்கவும் இல்லை. மாடி விளக்கு எரிந்தது. யாரோ படிகளில் தடதடவென்று இறங்கி வரும் சத்தம் கேட்டது.