இல்லை என்று எழுதிய கட்டம்

2.8.2025, சனி

காலை அழுத்தம் 138/84. லிப்ட் மூன்றாம் நாளாக வேலை செய்யவில்லை. நான்கு மாடியும் இறங்கி, பஸீரின் மருந்துக்கடையில் மாதக் குளிசைகளை வாங்கிக்கொண்டு ஏறினேன். இரண்டாம் மாடியில் ஐந்து நிமிடம் நின்றேன்.

என் பட்டியலில் ஒவ்வொரு குளிசைக்கும் எதிரே அளவு, நேரம், போன மாத மிச்சம் எல்லாம் எழுதியிருக்கும். பஸீர் அதை உயர்த்திப் பிடித்துக் காட்டினார். "ஐயா, ஒங்கட லிஸ்ட பாத்துத்தான் நான் ஸ்டொக்கே எடுக்கிற." கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முகம் சூடானது.

பேத்தி ஆனந்தி நேற்று அழைக்கவில்லை. வெள்ளிக்கிழமையைத் தவறவிடமாட்டாள். நியூசிலாந்தில் இப்போது பரீட்சையோ?

3.8.2025, ஞாயிறு

மருமகள் ராஜி சொன்னாள்: ஆனந்தி பல்கலைக்கழக நூலகத்தில் விழுந்துவிட்டாளாம், ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சோறு போட்டாள். சாப்பிட்டேன்.

4.8.2025, திங்கள்

தானாக விழவில்லை. வலிப்பு. எட்டு வருடங்களுக்குப் பிறகு.

எழுதியதை ஒருதரம் படித்துப் பார்த்தேன்.

ஜனவரியில் இதே மேசையில்தான் அவளுடைய மருத்துவக் காப்புறுதிப் படிவத்தை நிரப்பினேன். வெளிநாட்டு மாணவர்களுக்கு அது இல்லாமல் விசாவும் இல்லை, வகுப்பும் இல்லை. முப்பத்துநான்கு வருடம் கப்பல் கம்பனியில் சரக்குப் பத்திரம் எழுதியவன் என்பதால் வீட்டில் எந்தப் படிவமும் என்னிடம்தான் வரும். முதலில் பென்சில், பிறகு பேனா. பதினோராம் கேள்வி: பின்வரும் நோய்களுக்கு எப்போதாவது சிகிச்சை பெற்றதுண்டா? பட்டியலில் நான்காவது வலிப்பு. 'ஆம்' கட்டத்தில் பென்சிலால் மெல்லிய புள்ளி ஒன்று வைத்திருந்தேன்.

ராஜி பின்னால் நின்று பார்த்துவிட்டாள். "மாமா, அதை அழியுங்கோ. இல்லை எண்டு போடுங்கோ."

"கேட்டிருக்கினம், பிள்ளை."

"கேட்டா? எங்கட பிள்ளைக்கு அந்த வருத்தம் இருந்ததெண்டு எந்தப் பேப்பரில இருக்கு? நாளைக்குக் கலியாணம் பேசேக்க ஆர் பதில் சொல்லுறது, நீங்களோ?"

உண்மைதான். எந்தப் பேப்பரிலும் இல்லை. இருக்கக்கூடாது என்றுதான் 2014இலிருந்து மூன்று வருடம் அவளை நகரத்தின் மறுகோடியிலுள்ள கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனோம். எங்கள் வெள்ளவத்தை டொக்டர்மாரின் வாங்கில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் யாராவது தெரிந்தவராக இருப்பார். அதனால் கோட்டைவரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. டொக்டர் ஹியூபேட்டின் அட்டையில் பெயர் சாமினி. அந்தப் பெயரை வைத்தது ராஜி. அட்டைக்குச் சொன்னது நான்.

முதல் நாள் நேர்ஸ் "சாமினி, சாமினி" என்று மூன்று தரம் கூப்பிட்டாள். பத்து வயதுப் பிள்ளை அசையாமல் இருந்தாள். நான்தான் முழங்கையால் இடித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள்: "அப்பப்பா, வருத்தம் சாமினிக்குத்தானே? எனக்கில்லை எண்டு அம்மா சொன்னவ."

நான், ஓம், சாமினிக்குத்தான் என்றேன்.

6.8.2025, புதன்

ஆனந்தி என் போனுக்கே அழைத்தாள். குரல் மெதுவாக இருந்தது. முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று அங்குள்ள டொக்டர் கேட்டாராம். இல்லை என்று சொன்னாளாம்.

"அம்மா அப்பிடித்தான் சொல்லச் சொன்னவ. ஆனா அப்பப்பா, ஒரு குளிசைக்கு எனக்கு மேலெல்லாம் சிவந்தது ஞாபகம் இருக்கு. அதின்ர பேர் என்ன? திங்கட்கிழமை இஞ்ச குளிசை தொடங்கப்போகினம்."

பெயர் எனக்குத் தெரியும். 'பார்த்துச் சொல்கிறேன்' என்றேன். ஏன்? ஏன் அப்படிச் சொன்னேன்?

அலுமாரியில் 1971 முதல் எல்லா வருடத்து நாட்குறிப்பும் இருக்கிறது. 2014, நவம்பர் 19: 'காபமசெபீன் பன்னிரண்டாம் நாள். நெஞ்சும் முதுகும் சிவந்து தடித்தன. வாயில் புண். ஹியூபேட் உடனே நிறுத்தினார். இனி ஒருபோதும் கொடுக்கக்கூடாது என்றார்.' ஏழு வலிப்பின் திகதிகளும் இருக்கின்றன. எத்தனை நிமிடம் என்பதுகூட.

ஆக, ஒரு பேப்பரில் இருக்கிறது. ராஜிக்கு இது தெரியாது.

மாலையில் கடைக்குப் போய், காபமசெபீன் ஆளைச் சிவக்கப் பண்ணுமா என்று கேட்டேன். பஸீர் என்னைப் பார்த்தார். "செல பேருக்கு தோலே உரிஞ்சிரும் ஐயா. ஒருக்கா வந்த ஆளுக்கு திரும்ப குடுத்தா மய்யத்துதான். ஆருக்கு?"

தெரிந்த ஒரு பிள்ளைக்கு என்றேன்.

7.8.2025, வியாழன்

காலையில் ராஜியிடம் மெதுவாகத் தொடங்கினேன். முடிக்க விடவில்லை.

"சொன்னா என்ன நடக்கும் தெரியுமோ? முதலே இருந்த வருத்தத்தை மறைச்சதெண்டு இன்சூரன்ஸ்காரன் கையை விரிப்பான். இன்சூரன்ஸ் போனா விசா போகும். படிப்புப் போகும். கனடா மாப்பிள்ளை ஆக்கள் ஐப்பசியில நிச்சயம் பண்ணுவம் எண்டிருக்கினம், அதுவும் போகும். நீங்கள் கப்பல் பேப்பர் நிரப்பினனீங்கள் மாமா. இது பெட்டியில்லை. பிள்ளை."

"அந்தக் குளிசையைக் குடுத்தா..."

"ஆயிரம் குளிசை இருக்கு. அதையே குடுப்பினமோ?"

சொல்லிவிட்டுத் தேங்காய் துருவத் தொடங்கினாள். துருவி முடிந்த சிரட்டையையும் துருவிக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்து மணிக்குக் கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டேன். ஒரு டொக்டரின் கடிதம் கிடைத்தால் அதுவே சொல்லிவிடும், நான் சொல்லவேண்டியதில்லை என்று நினைத்தேன். இதுதான் என் புத்தி.

கிளினிக் இருந்த இடத்தில் போன் திருத்தும் கடை. ஹியூபேட் மேல்மாடியில் இருக்கிறார். எண்பத்தாறு வயது, சாரமும் பெனியனும். என்னைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார்.

"வாங்கோ, வாங்கோ. சாமினியின்ர தாத்தா."

அது அவளுடைய பெயர் இல்லை என்றேன். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக.

"அது எனக்குத் தெரியாதோ? வெள்ளவத்தைப் பக்கமிருந்து என்னட்ட வாற பிள்ளையள் எல்லாம் பேர் மாத்தித்தான் வருவினம். ஒரு மாசம் மூண்டு சாமினி வந்தது. நேர்ஸ் தலையில அடிச்சவ. நான் தடிச்ச சாமினி, மெல்லிய சாமினி, மூக்குத்தி சாமினி எண்டு குறிச்சு வைச்சனான்." சிரித்து, சிரிப்பு இருமலாகி, தண்ணீர் குடித்தார்.

அட்டைகள் எல்லாம் வெள்ளத்தில் போய்விட்டனவாம். கடிதம் கேட்டேன்.

"தரலாம். ஆருக்கெண்டு எழுத? திகதி என்ன? எத்தினை மில்லிகிராம்? அவளுக்குச் சிவந்தது மட்டும் ஞாபகம் இருக்கு, அந்த மருந்து கூடவே கூடாது. மற்ற விவரம் ஒண்டும் என்னட்ட இல்லை." பிறகு கேட்டார்: "ஆரிட்டயாவது இருக்கோ?"

எழுந்து வந்தேன். கொச்சிக்கடைத் தேவாலயத்தடியில் பஸ் அரை மணி நேரம் நின்றது. இறங்குவோர், ஏறுவோர். நான் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

8.8.2025, வெள்ளி, பௌர்ணமி, போயா விடுமுறை

ஆனந்திக்கு எழுதவில்லை. பேனாவைக் கழுவிக் காயவைத்தேன்.

9.8.2025, சனி

ராஜி கோயிலுக்குப் போனதும் உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில், ஒரே தாளில். மேலே அவளுடைய முழுப்பெயர், ஆனந்தி நாராயணன். ஏழு திகதிகள். ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்பது. குளிசைகளின் பெயர், அளவு. காபமசெபீனுக்குக் கீழே இரண்டு கோடுகள். சாமினி என்ற பெயரில் சிகிச்சை நடந்தது என்றும் எழுதினேன். கடைசியில் ஒரு வரி: காப்புறுதிப் படிவத்தில் 'இல்லை' என்று குறித்தவன் நான், தெரிந்தே குறித்தேன். அந்த வரியைப் பென்சிலால் எழுதி அழித்தேன். மறுபடி எழுதினேன். பிறகு பேனா.

போனில் படமெடுத்து ஆனந்திக்கு அனுப்பினேன். இரண்டு முறை மங்கலாக வந்தது. மூன்றாவது சரி.

ராஜி வந்ததும் சொன்னேன். அர்ச்சனைத் தட்டை மேசையில் வைத்தாள். என் நெற்றிக்குத் திருநீறு தருவாள், தரவில்லை. "நல்லது மாமா" என்று மட்டும் சொன்னாள்.

நேர்மையால் அனுப்பினேன் என்று எழுத முடியாது. பயத்தில் அனுப்பினேன். 'இல்லை' என்று போட்டதும் பயத்தில்தான். இரண்டுக்கும் எனக்குள் ஒரே மாதிரிதான் இருந்தது.

11.8.2025, திங்கள்

ஆனந்தி அழைத்தாள். அந்த மருந்தின் குடும்பத்துக் குளிசை ஒன்றைத்தான் எழுதி வைத்திருந்தார்களாம். மாற்றிவிட்டார்கள்.

"சாமினி ஆரெண்டு டொக்டர் கேட்டவர், அப்பப்பா."

"என்ன சொன்னனீ?"

"நான்தான் எண்டு சொன்னனான்."

அங்கே மழை பெய்யும் சத்தம் கேட்டது.

19.8.2025, செவ்வாய்

அழுத்தம் 152/90. லிப்ட் திருத்தியாகிவிட்டது. ராஜி சாப்பாட்டை மூடி வைக்கிறாள், கூப்பிடுவதில்லை.

28.8.2025, வியாழன்

காப்புறுதிக் கம்பனியின் கடிதம், ஆஸ்பத்திரி அனுப்பிய என் தாளைச் சுட்டி. மரியாதையான ஆங்கிலம், பிழை ஒன்றுமில்லை. தொடக்க நாளிலிருந்தே ஒப்பந்தம் செல்லாது, ஆஸ்பத்திரிச் செலவு அவர்களுடையதல்ல. அவர்கள் இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

மகன் நாராயணன் டோஹாவிலிருந்து பேசினான். மார்கழியில் வேலையை விட்டு வந்துவிட இருந்தவன், இன்னும் இரண்டு வருடம் நிற்பதாகச் சொன்னான். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

24.9.2025, புதன்

கனடாக்காரர் அழைப்பது நின்றுவிட்டது. யார் சொன்னார்கள் என்று தெரியாது. "இனி எடுக்கமாட்டினம்" என்றாள் ராஜி. தேநீர் என் பக்கத்தில்தான் இருந்தது. அவள் வைத்ததை நான் கவனிக்கவில்லை.

19.10.2025, ஞாயிறு

ஆனந்தி வந்துவிட்டாள். வேறு கம்பனிகளும் மறுத்துவிட்டன, பல்கலைக்கழகம் ஒரு வருடம் விடுப்புக் கொடுத்திருக்கிறது. அடுத்த வருடம் என்னவோ, தெரியாது. மெலிந்திருக்கிறாள். தாயும் மகளும் அறைக்குள் நெடுநேரம் கதைத்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று கேட்கவில்லை. நாளை தீபாவளி. எனக்கும் ஒரு வேட்டி வாங்கி வைத்திருந்தாள் ராஜி.

1.11.2025, சனி

காலை அழுத்தம் 136/82. மாதக் குளிசை வாங்கும் நாள். என் பட்டியலோடு ஆனந்தியின் மருந்துச் சீட்டையும் எடுத்தேன். கொழும்பில் வேறு எங்காவது வாங்கலாமோ என்று லிப்டுக்குக் காத்து நிற்கும்போது ஒருதரம் நினைத்தேன். அப்போது ராஜி கதவைத் திறந்து, "மாமா, அவளையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள்.

கடையில் கூட்டம். எங்கள் மாடிக்காரர் இருவர், கோயிலில் காணும் ஒரு அம்மா, இன்னும் சிலர். பஸீர் சீட்டைப் படித்தார். அது எதற்கான மருந்து என்று அவருக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தினார். "ஐயா, உறையில பேர் எழுதோணும். என்ன பேர் போட?"

"ஆனந்தி நாராயணன்" என்றேன். கேட்கவில்லைபோல அவர் முன்னால் குனிந்தார். மறுபடி, கொஞ்சம் உரக்கச் சொன்னேன். "என்ர பேத்தி."

அவர் எழுதினார். எண்ணினார். மடித்தார். நாங்கள் சுவரோரம் கதிரையில் உட்கார்ந்திருந்தோம்.

"ஆனந்தி" என்று கூப்பிட்டார்.

முதல் தரத்திலேயே எழுந்து போனாள்.