திருத்தத்துக்கு வராத விண்ணப்பம்

பாப்பாவின் அப்பா அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலத்தை உங்கள் கையாலேயே எழுதித் தெரிவிக்க வேண்டுகிறேன். ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. குழாய்க்காரர் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடிக்கிறார். லாரி ஆபீசில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. சரக்கு தாமதமானதற்கு ஊரெல்லாம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டு எழுதுவதே முழுநேர வேலையாகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை உங்கள் கப்பல் பட்டறையிலிருந்து ஒரு கவர் வந்தது. ஒப்பந்தம் சம்பந்தமாக எது நடந்தாலும் வீட்டுக்கும் ஒரு நகல் அனுப்புவது அவர்கள் வழக்கம். அதை மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. இன்னும் இரண்டு வருடம் அங்கேயே வேலை பார்க்க விருப்பம் என்று நீங்கள் கொடுத்த விண்ணப்பம் உள்ளே இருந்தது. ஜூனில் வந்துவிடுவேன், விரல்விட்டு எண்ணிக்கொண்டிரு என்று பாப்பாவிடம் சொன்னவர் நீங்கள்தானே?

முதலில் இது உங்கள் கடிதமே இல்லை என்றுதான் நினைத்தேன். எட்டு வருடமாக உங்கள் ஃபோர்மேனுக்குப் போகும் ஒவ்வொரு ஆங்கிலக் கடிதமும் முதலில் எனக்கு வந்து, என் சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் போயிருக்கிறது. 'இன் த மீன்டைம்' இல்லாத கடிதத்துக்கு மரியாதை இல்லை என்பது உங்கள் கட்சி. எனக்குக் காய்ச்சல், இன் த மீன்டைம் என்று லீவு கேட்டவர். புதுக் கையுறை வேண்டும், இன் த மீன்டைம் நன்றி என்று எழுதியவர். முன்னால் ஒரு காரியம், பின்னால் ஒரு காரியம், இரண்டுக்கும் நடுவில் உள்ள காலத்தை 'அதுவரைக்கும்' என்று சொல்லத்தான் அது என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருக்கிறேன். இருக்கட்டுமே, பார்க்க அழகா இருக்கு என்பீர்கள்.

இந்த விண்ணப்பத்தில் அது ஒரே ஒரு முறை வருகிறது. 'இரண்டு வருடம் முடிந்ததும் ஊர் திரும்புவேன். இன் த மீன்டைம், வீட்டில் என் தேவை இல்லை' என்று. இருக்க வேண்டிய இடத்தில் கச்சிதமாக இருக்கிறது. கையெழுத்தும் உங்களுடையதுதான். பாப்பாவின் பள்ளிப் படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.

யார் எழுதிக் கொடுத்தது? உங்கள் அறையில் இருக்கும் வெல்டரா? அவர் ஆங்கிலம் உங்களுடையதைவிட மோசம் என்று நீங்களே சிரித்திருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் ஆபீசில் இருக்கும் அந்த டைப்பிஸ்ட் பெண்ணா? போன மாதம் இரண்டு முறை அவள் பேச்சை எடுத்தீர்கள், இந்த மாதம் ஒருமுறைகூட எடுக்கவில்லை. இரண்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உங்கள் தம்பியிடம் ஜாடைமாடையாகக் கேட்டேன். அண்ணன் ஒண்ணும் சொல்லலையே அண்ணி என்று அவர் சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

இல்லை, என்னிடம் காட்டக் கூடாது என்பதற்காகவே நீங்களாக உட்கார்ந்து சரியாக எழுதக் கற்றுக்கொண்டீர்களா? அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். வேறொருத்தி எழுதியிருந்தால் சண்டையாவது போடலாம்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று உங்கள் பெயரில் நான் எழுதியது. யாராவது அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கியிருந்தால், இதில் கையெழுத்துப் போட்டு ஃபோர்மேனிடம் கொடுங்கள். விரும்பித்தான் கொடுத்தீர்கள் என்றால் கையெழுத்தில்லாமல் எனக்கே திருப்பி அனுப்புங்கள். காரணம் எழுத வேண்டாம். கோபப்பட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உயரத்தில் ஏறும்போது பெல்ட் மாட்டிக்கொள்ளுங்கள். எங்கே இருந்தாலும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனைப் பாப்பாதான் எடுப்பாள். எப்போது வருவீர்கள் என்று கேட்பாள். அவளிடம் எதையாவது சொல்லிச் சமாளிக்காதீர்கள். நீங்கள் எது சொன்னாலும் அவள் நம்பிவிடுவாள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா