ஆறு ராணிகளும் வெள்ளிக்கிழமை ராகுகாலமும்

ஜூன் 2, திங்கள்

லண்டன் நோர்பரியில் விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. முதியோர் இல்லத்தில் மதிய ஷிப்ட்.

வெள்ளிக்கிழமை லைஃப் இன் யூகே பரீட்சை, இந்த நாட்டுச் சரித்திரமும் சட்டமும். விசா முடிவது ஜூலை 9. பாஸ் பண்ணினால் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் இவர் இல்லாமலும் இந்த நாட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால் இன்னும் இரண்டரை வருடம் இவருடைய மனைவி என்ற பேரில் நீட்டிப்பு. இன்னும் இரண்டரை வருடம் இந்த வீடு. என்னால் முடியாது. வாய்விட்டுச் சொல்ல ஆளில்லை, இங்கே எழுதுகிறேன்.

பஸ்ஸில் பாடமாக்கியது, ஆறு கல்யாணம் கட்டிய அந்த இங்கிலாந்து ராஜாவின் ராணிகள்:
1 – தள்ளி வைத்தது
2 – தலை வெட்டு
3 – பிள்ளைப்பேற்றோடு சாவு
4 – தள்ளி வைத்தது
5 – தலை வெட்டு
6 – தப்பினாள்

ஒரு கல்யாணத்திலிருந்து வெளியே வருவதற்கு ராஜா ரோமாபுரியோடு உறவை முறித்தார், தானே திருச்சபைக்குத் தலைவரானார். பிறகு மடங்களை மூடி, கூரையில் இருந்த ஈயத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. எனக்கு வேண்டியது இருபத்துநாலு கேள்வியில் பதினெட்டு.

புத்தகத்தைக் கண்டதும் இவர்: "செத்த ராசாக்களைப் படிச்சு என்ன செய்யப்போறீர்? நான் கூப்பிட்டபடியாத்தானே நீர் வந்தனீர். என்னோட இருக்கிற ஆளுக்கு என்னத்துக்குச் சோதினை?"

ஜூன் 4, புதன்

தலையிடி. பனடோல் இரண்டு.

எனக்கு மறந்து மறந்து போகிறவை:
அச்சு யந்திரம் – 1476, வெஸ்ட்மின்ஸ்டர்.
ஸ்பானியக் கப்பற்படை – 1588. பாதி வேலையைக் காற்று பார்த்தது.
நாடகக் கொட்டகை – நகரத்துக்குள் விடமாட்டார்கள், ஆற்றுக்குத் தெற்கே. கொள்ளைநோய் வந்தால் உடனே மூடு.
பைபிள் வேதத்தை இங்கிலீஷில் பெயர்த்தவர் – வெளிநாட்டில் ஒளித்திருந்தவரைப் பிடித்து, கழுத்தை நெரித்து எரித்தார்கள். சில வருடத்தில் இங்கிலீஷ் வேதம் எல்லாத் தேவாலயத்திலும்.
கல்யாணம் கட்டாத ராணி – 44 வருட ஆட்சி. மந்திரிமார் கட்டு கட்டு என்று நச்சரிக்க, பார்ப்போம் பார்ப்போம் என்றே காலத்தை ஓட்டியவள். கெட்டிக்காரி.

அரண்மனை ஆண்கள் பதினாலு வரிக் கவிதையில் காதலியின் கண்ணுக்கு உருகியதும், ராஜா மனைவியின் கழுத்தை வெட்டியதும் ஒரே காலம். புத்தகத்தில் இரண்டும் வெவ்வேறு பக்கம்.

இடைவேளையில் கேள்வி கேட்டவள் ரேவதி, கூட வேலை செய்யும் மதுரைப் பிள்ளை. "அக்கா, எல்லாமே தெரியுதே உங்களுக்கு! வால்தம்ஸ்டோல என் ஃப்ரெண்டு வீட்டு மாடி ரூம் காலியாதான் இருக்கு. யாருக்கும் குடுக்காதன்னு சொல்லி வச்சிருக்கேன்."

ஜூன் 6, வெள்ளி

வெயில். பரீட்சை பி.ப. 1.15. நேரம் எடுத்தது நான்தான். வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரை–பன்னிரண்டு, ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பன்னிரண்டுக்குப் புறப்பட்டால் தாராளம்.

11.50. காலில் சப்பாத்துப் போட்டாயிற்று. காரில் கூட்டிப் போவதாகச் சொன்ன இவர் சுவரில் தொங்கிய லண்டன் பஞ்சாங்கத்துக்கு முன்னால் நிற்கிறார்.

"நீர் சொல்லுறது ஊர் நேரம். இஞ்ச இப்ப சம்மர். பகல் நீளம். ராகுகாலம் ஒரு மணி அஞ்சுக்குத்தான் முடியுது. வெளிக்கிடேலாது."

"பிந்தினா உள்ள விடமாட்டினம்."

"கூடாத நேரத்தில போய் பெயிலாகிறதுக்கு, பிந்திப் போறது பரவாயில்லை."

இவருடைய அக்காவைப் போனில் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். மச்சாள்: "ஒரு மணித்தியாலம் பொறுக்கேலாதே உமக்கு?"

கார்ச் சாவி இவர் கையில். ஆனால் ரயில் நிலையம் நடந்தால் ஏழு நிமிடம். நடந்திருக்கலாம். நடக்கவில்லை. கெட்ட நேரத்தில் படியிறங்க எனக்கும் உள்ளுக்குள் பயம்.

1.06க்குக் கார் புறப்பட்டது. போய்ச் சேர 1.40. வரவேற்பு மேசையில் இருந்த பெண் மூன்று தரம் சாரி சொன்னாள். உள்ளே விடவில்லை.

திரும்பும் வழியில் இவர்: "பாத்தீரே, இண்டைக்கு நேரம் சரியில்லை எண்டு சொன்னனான்."

ஜூன் 9, திங்கள்

பால், உப்பு, மச்சாளுக்கு மருந்து. புத்தகத்தைத் திறக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

புழுக்கம். கத்தரிக்காய் வதக்கிக்கொண்டு நின்றேன். 11.40க்கு இவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். யாரோ விற்கிற பழைய வான் வண்டியைப் பார்த்து முடிவு செய்யப் போகிறாராம்.

"ராகுகாலமெல்லே?" என்றேன்.

"அது வேற. இது அலுவல்." சிரித்துவிட்டுப் போனார். பஞ்சாங்கத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை.

நான் பாஸ் பண்ணுவது இவருக்கு விருப்பமில்லை. அவ்வளவுதான் விஷயம். ஐந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்கு விளங்க ஒரு பழைய வான் வேண்டியிருந்தது.

அழுதேன். கறி அடிப்பிடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் பதிவு செய்தேன்: 20ஆம் திகதி, வெள்ளி, பகல் 12.00.

ஜூன் 20, வெள்ளி

காலை ஷிப்ட் என்று பொய். ஏழு மணிக்கே வெளியே. பரீட்சை நடக்கும் இடத்துக்கு எதிர் பஸ் தரிப்பில் நாலு மணித்தியாலம். ஒரு வாழைப்பழம்.

ராணிகளைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. மடம் இல்லை, வேதம் இல்லை, கவிதை இல்லை. ஸ்பானியக் கப்பல் மட்டும் வந்தது. மிச்சமெல்லாம் நீதிமன்றம், கிரிக்கெட், ஏதோ ஒரு ஏரி. பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தேன்.

பாஸ். எத்தனை சரி என்று சொல்லமாட்டார்களாம். ரேவதிக்கு மட்டும் மெசேஜ்.

ஜூன் 22, ஞாயிறு

மழை. விண்ணப்பத்தைத் திறந்தேன். பாஸ் பண்ணிய இலக்கத்தை ஏற்றுக்கொண்டது. அடுத்த பக்கங்கள் எல்லாம் இவர்: பாஸ்போர்ட், சம்பளச் சீட்டு, மனைவியோடு சேர்ந்து வாழ்கிறேன் என்று கையெழுத்து வைத்த கடிதம். வேறு வழியில்லை, சொன்னேன்.

இவர்: "எனக்குச் சொல்லாமலே போனனீர்?"

"ஓம்."

போனை எடுத்தார். "அக்கா, நாங்கள் பாஸ் பண்ணிட்டம். ஓம், ஓம், நான்தான் சொல்லிக் குடுத்தனான்." மச்சாள் அங்கே சிரிப்பது எனக்குக் கேட்டது. கடிதத்தை நானே அடித்தேன். வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். தேத்தண்ணியோடு வந்து நான் இருந்த கதிரைக்குப் பின்னால் நின்றார்.

கடைசிக் கேள்வி: நீங்கள் இருவரும் இந்த நாட்டில் நிரந்தரமாகச் சேர்ந்து வாழ எண்ணுகிறீர்களா? ஓம், இல்லை என்று இரண்டு பெட்டி.

சரியான விடை எதுவென்று எனக்குத் தெரியும். ஓம் என்று குறித்தேன்.