பறக்குறவன் வராத பக்கம்

செவ்வாய், ஐப்பசி 10

விடியலிலிருந்து தூத்தல். விறகெல்லாம் ஈரம். ஊதி ஊதிக் கண்ணு செவந்ததுதான் மிச்சம்.

பேத்தி தர்ஷினி கட்டில விட்டு எறங்கல. சண்டைப் படக்கதை வரையுறா. கொழும்புல புத்தகம் போடுறவங்க கேட்டிருக்காங்களாம். வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் குடுக்கணும். புடிச்சிருந்தா அங்கேயே வேலை. இருக்குற ஒத்த அறை, இந்த லயக் காம்பரா முழுக்கத் தாளு. கொடியில என் சீலைக்கு எடமில்ல.

கதையக் கேட்டா இன்னும் எரிச்சல். சூப்பர் ஹீரோ இருக்குற உலகமாம். ஒருத்தன் பறக்குறான், ஒருத்தன் மலையத் தூக்குறான். சாகுறது மட்டும் துப்பாக்கி தூக்குற ஆமிக்காரங்க.

"பறக்குறவன் இருக்கையில இவனுங்க எதுக்குடி?"

"அவனுக்கு எல்லா எடத்துக்கும் வர நேரமில்ல அப்பாயி."

அஞ்சாம் வகுப்புப் படிச்ச எனக்கே ஓட்டை தெரியுது. கொழும்புல தெரியாதா?

வாங்க: உப்பு, தீப்பெட்டி, சாம்பிராணி.

புதன்

மழை விடல. உப்பு வாங்கியாச்சு. உடனே அடுத்த வீட்டு மாரியாயி உப்புக் கேட்டு வந்துட்டா. மூக்கு அப்படி.

அடுப்படிக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள, சாமிப் படத்துக்குப் பக்கத்துல தர்ஷினி வரைஞ்சு காய வச்சிருந்த தாள்ல விபூதி பூசி, சந்தனப் பொட்டு வச்சு, பூவும் சொருகிட்டா.

"செல்வம் படத்த எப்பக்கா பெருசாக்குனீங்க? ஆமி உடுப்பு அவனுக்கு எடுப்பாத்தான் இருக்கு."

மண்சரிவுல போன என் மகன், தர்ஷினியோட அப்பன் பேரச் சொல்றா. அடிச்சுப்பிடிச்சு ஓடிப் பாத்தேன். புருவத்துல அதே வெட்டு. சிரிச்சா கோணுற அதே வாய். நாலு நாளா அந்தத் தாளுங்களத் தள்ளித் தள்ளிக் கூட்டுனேன். பெத்தவளுக்குத் தெரியல, உப்புக்கு வந்தவளுக்குத் தெரியுது.

"பொட்ட அழிடி! கதையில அவன் இன்னும் சாகல!" கத்திட்டேன். மாரியாயி உப்ப மறந்துட்டு ஓடிட்டா.

தொடச்சதுல மையும் சேந்து போச்சு. தர்ஷினி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு மறுபடி வரையுறா.

வியாழன்

பனி. முழங்கால் வலி.

"இந்தச் செல்வம் கடைசில என்ன ஆவான்?"

தர்ஷினி தலைய நிமித்தல. "பதுங்குகுழி சரியும். ஒருத்தர வெளிய தள்ளிட்டு இவரு உள்ள மாட்டிக்குவாரு."

அப்படியேதான். மண்ணு சரிஞ்ச அன்னைக்கி பக்கத்து லயத்து ராமையாக் கெழவன வெளிய தள்ளிட்டு இவன் வரல.

"அந்தப் பறக்குற பயல வரச் சொல்லேன்டி."

"அன்னைக்கி ஹெலிகொப்டர் வந்து சுத்திட்டுப் போயிருச்சு. மண்ண அள்ளுனது யாரு அப்பாயி? நாமதானே? அவன் வந்தான்னா பொய்யாயிரும்."

"தாள்லயாவது ஒரு தடவ பொழச்சா உனக்கென்னடி நட்டம்?"

சாப்பிடாமப் படுத்துட்டா. நானும் சாப்பிடல. கருவாட்டுக் கொழம்பு வீண். பிடிவாதம் அப்படியே அப்பன்.

வெள்ளி

வெயில். நமுனுகுல மலை தெளிவு.

பஸ்ஸுக்குக் கெளம்பயில கடைசிப் பக்கத்தக் காட்டுனா. செத்ததாவும் இல்ல, பொழச்சதாவும் இல்ல. வானம் வெறுமையா. ஆமிக்காரங்க வரிசையா மண்ண அள்ளிக்கிட்டே இருக்காங்க.

"இது என்னடி முடிவு?"

"அள்ளட்டும் அப்பாயி. நிறுத்தச் சொல்ல மனசு வரல."

வரிசையில கடைசியா ஒரு கெழவி. சீலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, மம்பட்டியோட. கொண்டை என்னுதேதான்.

பஸ் போயிருச்சு. கேக்க மறந்துட்டேன். என் கன்னத்துல அத்தன சுருக்கம் எங்கடி இருக்கு?