சந்தனம் பட்ட வாக்கு அட்டை

முசியே, கீழ்வீட்டு ஐயா,

இன்று தபாலில் வாக்குக் கவர் வந்தது. வெள்ளிக்கிழமைப் பூசைக்குச் சந்தனம் குழைத்த கையோடு எடுக்கப் போய், பாதியில் நின்று கையைக் கழுவினேன். உடனே உங்கள் நினைவு வந்துவிட்டது. வராமல் இருந்தால் நல்லது. ஆனால் வருகிறது.

சுவிஸின் ரெனான் ஊரில் எங்களுக்குக் கீழ்வீடு உங்களுடையது. தென்னாபிரிக்காவிலிருந்து மகளோடு இருக்க வந்த வெள்ளைக்காரர் நீங்கள். என் சம்பலின் உறைப்புத் தாங்காமல் மூக்கைத் துடைத்துக்கொண்டே இன்னொரு தோசை கேட்பீர்கள். "இந்த மனிசனுக்கு எங்கடை ஊர் நாக்கு," என்று என் கணவர் சிரிப்பார்.

எனக்குச் சுவிஸ் குடியுரிமை கிடைத்து முதல் கவர் வந்த நாள். புதிதாக எது வந்தாலும் சாமிக்கு முன் வைத்துப் பொட்டு வைப்பதுதானே எங்கள் வழக்கம்? வாக்குச் சீட்டோடு அனுப்பக் கையெழுத்திட்ட வாக்கு அட்டையிலும் வைத்துவிட்டேன், பெரிய சந்தனப் பொட்டு. "இது செல்லாதெண்டு எறிஞ்சுபோடுவாங்களப்பா," என்று கணவர் தலையில் கைவைத்தார். கேசரி சாப்பிட வந்திருந்த நீங்கள்தான் ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தீர்கள். என் கையெழுத்து அழியவில்லை.

துடைத்து முடித்துப் பஞ்சைக் கீழே வைத்தீர்கள். என்னைப் பார்க்காமல் பிரெஞ்சில் சொன்னீர்கள்: "என் நாட்டில் கறுப்பர்களும் எங்களோடு சேர்ந்து முதன்முதலாக வாக்களிக்க இருந்தார்கள். அதைத் தடுக்க நாங்கள் குண்டு வைத்தோம். காரைக் கொண்டுபோய் நிறுத்தியது நான்தான். வேலைக்குப் போக வாகனத்துக்கு நின்ற சனம் செத்தது."

சிறை, பிறகு பொதுமன்னிப்பு என்று ஏதோ தொடர்ந்தீர்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது. குண்டுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்தவள் நான். குண்டு வைத்தவருக்கா இவ்வளவு நாளும் தோசை சுட்டேன்? "இவரோ? எங்கடை மேசையிலை இருந்து சாப்பிட்டவரோ?" என்று கணவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் கதவைத் திறந்து பிடித்தேன். நீங்கள் கேசரியைத் தொடாமல் போனீர்கள்.

அதன் பிறகு உங்களுக்குத் தோசை கொண்டுவரவில்லை. நீங்கள் இறந்தபோது கீழே வந்து மகளின் கையைப் பிடித்தேன். பெட்டிக்குக் கிட்டப் போகவில்லை. அந்த அதிர்ச்சி இன்னும் ஆறவில்லை. அப்படிப்பட்ட நீங்கள் என் அட்டையை ஏன் அவ்வளவு கவனமாகத் துடைத்தீர்கள் என்று கேட்காமல் விட்டதும் ஆறவில்லை.

இங்கே பெரும்பாலோர் வாக்கைத் தபாலில்தான் போடுகிறார்கள். நான் போடுவதில்லை. கொம்யூன் என்கிற ஊராட்சி அலுவலக வாசல் பெட்டிவரை நடந்து கொண்டுபோகிறேன். அங்கே வரிசை கிடையாது. ஆனாலும் கவரைப் போடாமல் சற்று நிற்பேன். நீங்கள் வாக்களிக்கப் போகவிடாத அந்தச் சனம் முதலில் போடட்டும்.